யாரும் அழிக்கச் சொல்லாத புள்ளி

டீச்சர் அக்காவின் முகத்தை நான் முதன்முதலாக முழுசாகப் பார்த்தது கம்ப்யூட்டர் திரையில்தான், இருநூறு விழுக்காடு பெரிதாக்கி. அதற்கு முன் எட்டு வருஷம் சிட்லபாக்கத்தில் எதிரெதிர் வீட்டில் இருந்தோம். பால் பாக்கெட் எடுக்கும்போது, குப்பை வண்டி வரும்போது, தண்ணீர் லாரிக்கு நிற்கும்போது என்று தினமும் நாலு தடவையாவது பார்த்துக்கொள்வோம். ஆனால் அவர் முகத்தைப் பார்க்காமலே அவரோடு பேசப் பழகியிருந்தேன். கண்ணைப் பார்ப்பேன், நெற்றிப் பொட்டைப் பார்ப்பேன், அதற்குக் கீழே இறங்க மாட்டேன். இறங்கினால் வாயைச் சுற்றியிருக்கும் வெள்ளைத் திட்டுகளைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்வாரோ என்று பயம். இதற்கு நாகரிகம் என்று நானே பெயரும் வைத்திருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் அவருடைய உதட்டோரம் மட்டும் திரை முழுக்க இருந்தது. வெண்புள்ளி என்று நாம் சொல்வது அருகில் பார்க்கும்போது வெறும் வெள்ளை இல்லை. லேசான ரோஜா நிறம், நடுவில் அங்கங்கே பழைய பழுப்பு நிறம் சின்னச் சின்னதாகத் திரும்பி வந்திருந்தது. இத்தனை நாள் பார்க்கக் கூசிய இடத்தைக் கூச்சமே இல்லாமல் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துப் பார்த்து அழித்துக்கொண்டிருந்தேன்.

குடும்பப் படம் எடுக்க நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது முப்பத்தாறாவது வயதில். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லப்பட்ட கூட்டத்தில் நானும் ஒருத்தி. வீட்டில் சும்மா இருக்க எனக்கு வராது. சும்மா இருந்தால் கவலைப்படுவேன். அது ஒன்றுக்குத்தான் எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. அதனால் குரோம்பேட்டையில் சனிக்கிழமைதோறும் நடந்த ஒரு போட்டோ வகுப்பில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாரும் கல்யாணம் எடுக்க வந்தவர்கள். எனக்குக் கூட்டத்தைக் கண்டால் ஆகாது. நாலு பேர், ஒரு ஜன்னல் வெளிச்சம், ஒரு அரை மணி நேரம் போதும் என்று குடும்பப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். நாலு பேர் என்பது சுலபம் என்று நினைத்ததுதான் முதல் தப்பு. மூன்று பேர் கண் திறந்திருக்கும் நொடியில் நாலாவது ஆள் தும்மத் தயாராக இருப்பார்.

முகத்தைத் திருத்துவது பற்றி அந்த வகுப்பில் ஒரே ஒரு விதிதான் சொன்னார்கள். "மூணு மாசத்துல தானாப் போயிடறத நீங்களே எடுத்துடலாம். போகாததுன்னா, கேட்டுட்டு எடுங்க." பரு போய்விடும், கொசுக்கடி போய்விடும், ஷேவ் செய்த கீறல் போய்விடும். மச்சம் போகாது, தழும்பு போகாது. இதை நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடும் போட்டேன். யாரைக் கேட்க வேண்டும் என்று மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. அது சொல்லாமலே புரியும் என்று சொன்னவர் நினைத்திருப்பார்.

விதியை நான் முதலில் மீறியது என் மாமியாரிடம். பழகிப் பார்ப்பதற்காக அவரை எடுத்து, கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம், கன்னத்து மங்கு, கழுத்துச் சுருக்கம் எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்தேன். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. நாத்தனார் வீட்டுக்கு, கோயில் குழுவுக்கு, யோகா குழுவுக்கு என்று எல்லாருக்கும் அனுப்பினார். என் கணவர் மட்டும் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்காங்க. ஆனா எங்கம்மாவா இல்லையே" என்றார். ரசனை கெட்ட மனுஷன் என்று நினைத்தேன். அந்தப் படம் போன கைகளில் ஒன்று டீச்சர் அக்காவின் கணவர், எதிர்வீட்டு சாருடையது.

எதிர்வீட்டு சார் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் அலுவலக வேலை. டீச்சர் அக்கா சேலையூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்தார். ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் புது வகுப்புக்குள் நுழைந்ததும் அவர் முதல் வேலையாகக் கையை நீட்டிக் காட்டி, "இது தொட்டா ஒட்டாது, வலிக்காது. கேக்கணும்னு இருக்கறவங்க இன்னிக்கே கேட்டுடுங்க, நாளைலேர்ந்து பாடம்" என்று சொல்வாராம். அவரிடம் படித்த பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி சொல்லித்தான் எனக்கே தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்த ஒரு நாள் எனக்குக் கிடைத்திருந்தால் எட்டு வருஷம் பொட்டைப் பார்த்துப் பேசியிருக்க மாட்டேன்.

அவர்களுக்கு ஒரே பெண். இருபத்தைந்து வயது, கிண்டியில் வேலை. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை டீச்சர் அக்கா என் வீட்டுக்கு வந்து, "படப்பைலேர்ந்து ஒரு வரன். பொண்ணு போட்டோ மட்டும் போதும்னாங்க, நாந்தான் ஃபேமிலி போட்டோவா அனுப்பறோம்னு சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலைல எடுத்துத் தர்றியாம்மா?" என்று கேட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. சொந்தக்காரர்களைத் தவிர வேறு யாரும் என்னை நம்பிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவர்கள் வீட்டு ஹாலில், கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் மூன்று பேரையும் உட்கார வைத்தேன். டீச்சர் அக்கா நடுவில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டார். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை திட்டுகள். நான் பெரிய சாமர்த்தியசாலி மாதிரி, "அக்கா, முந்தானைய கொஞ்சம் கை மேல போட்டுக்கறீங்களா, கலர் நல்லா வரும்" என்றேன். அவர் முந்தானையை எடுத்துத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, "கை தெரியுதா பாரு" என்றார். நான் சொன்னது புரியவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பெண்ணின் முடியை மட்டும் அவர் இழுத்து இடது பக்கம் முன்னால் போட்டார். ஜிமிக்கி மறைகிறது, பின்னால் தள்ளிவிடுங்கள் என்றேன். அக்காவின் கை அந்த முடி மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் பின்னால் தள்ளிவிட்டார். பதினான்கு படங்கள் எடுத்தேன்.

கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது சார் கேட் வரை கூடவே வந்தார். எங்கோ பார்த்தபடி, "கம்ப்யூட்டர்ல கொஞ்சம் சரி பண்ணலாமாமே. உங்க மாமியார் போட்டோ பாத்தேன். கொஞ்சம் பாத்துப் பண்ணும்மா" என்றார். எதை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "அவகிட்ட சொல்ல வேணாம், வருத்தப்படுவா. நல்ல காரியம் ஒண்ணு நடக்கணும், அவ்ளோதான்." அவர் கெட்டவர் இல்லை. இருபத்தாறு வருஷமாக எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மனைவியை அழைத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருகிறவர் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். நான் சரி சார் என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. கஷ்டமான வேலை, என்னால்தான் முடியும் என்று ஒருவர் நம்புகிறார் அல்லவா?

இரண்டு மதியங்கள் ஆயின. நெற்றியிலிருந்து நிறம் எடுத்து உதட்டோரத்தில் பூசினால் ஒட்டுப் போட்டது போல் தெரிந்தது. கன்னத்திலிருந்து எடுத்தால் சேர்ந்தது. இமை மேல் இருந்த சின்னத் திட்டு போக அரை மணி நேரம். விரல்கள்தான் பெரும் பாடு. ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு நிறம், ஒரு நிழல். முக்கியமான இடங்கள் முடிந்ததும் சும்மா ஒரு சுற்று எல்லா முகத்திலும் போய், கண்ணில் பட்ட புள்ளியை எல்லாம் ஒவ்வொரு க்ளிக்கில் துடைத்தேன். சாருடைய மூக்கில் ஒரு பரு, பெண்ணின் நெற்றியில் ஒன்று, அங்கே ஒன்று இங்கே ஒன்று. கடைசியில் சின்னதாக்கிப் பார்த்தபோது டீச்சர் அக்கா ஒரே சீரான மாநிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். யார் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. புதன்கிழமை சாருக்கு அனுப்பினேன். இரண்டு கைகூப்பும் படங்களை அனுப்பினார்.

வியாழக்கிழமை காலை, நான் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் அக்கா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு என்னிடம் ஓடி வந்தார். எட்டு வருஷத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. "வராங்களாம்! ஞாயித்துக்கெழம பத்தரைக்கு. போட்டோவப் பாத்துட்டுத்தான் சொன்னாங்களாம்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்குத் தெரியாது. இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தங்க காபி டம்ளரத் தொடவேயில்ல. இன்னொருத்தங்க என்னப் பாத்ததும் பொண்ணோட கைய வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, கத்திரிக்கா வாங்கற மாதிரி. அதான் இந்தத் தடவ என்ன மொதல்லயே காட்டிடுவோம், பாத்துட்டு வரவங்க வரட்டும்னு இருந்தேன். பாத்துட்டும் வராங்கம்மா!" படத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. சார் போனில்தான் இருக்கிறதாம், கேட்டால் பிறகு காட்டுகிறேன் என்கிறாராம். எனக்கு அனுப்பேன் என்றார். "ஃபைல் பெருசுக்கா, சின்னதாக்கி அனுப்பறேன்" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அவர் போன பிறகு கையில் இருந்த வாளியோடு அப்படியே நின்றேன். அவர் சந்தோஷப்படுவது நடக்காத ஒன்றுக்காக. அவரைப் பார்த்துவிட்டு யாரும் வரவில்லை. நான் பூசிக் கொடுத்த வேறொரு பெண்மணியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு அவர் முழு நம்பிக்கையோடு, கையை நீட்டி, காபித் தட்டோடு அவர்கள் முன்னால் போய் நிற்பார். அப்போது அவர்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும்.

உடனே சாருக்கு போன் செய்தேன். தொழிற்சாலை இரைச்சலுக்கு நடுவே, "இப்ப எதையும் கிளறாதம்மா. நேர்ல வந்து பொண்ணப் புடிச்சிட்டா இதெல்லாம் பெருசாத் தெரியாது" என்று சொல்லி வைத்துவிட்டார். சரி, குறைந்தது திருத்தாத படத்தையாவது எடுத்து வைப்போம், எப்போது வேண்டுமானாலும் அனுப்பத் தயாராக இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கெங்கே கை வைத்தேன் என்று பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. பெண்ணின் இடது காது மடலுக்குக் கீழே, கொஞ்சம் பின்னால், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளைப் புள்ளி. புதிய படத்தில் அது இல்லை. நான்தான் எடுத்திருக்கிறேன், எடுத்ததே தெரியாமல்.

பவுடராக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஜிமிக்கிக் கல்லின் வெளிச்சம் தெறித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மற்ற பதின்மூன்று படங்களையும் திறந்தேன். வெளிச்சம் என்றால் தலை திரும்பும்போது நகர வேண்டும், நகரவில்லை. தலை குனிந்த படத்தில் காது மறைத்தது, மற்ற எல்லாவற்றிலும் அதே இடத்தில் இருந்தது. நிறத்தை அளந்து பார்த்தேன். இரண்டு மதியம் நான் உட்கார்ந்து படித்த அதே நிறம். நான் டாக்டர் இல்லை, அது வேறு எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வாரம் அந்த நிறத்தை என்னைவிட அருகில் பார்த்த கண் தாம்பரம் வட்டாரத்தில் வேறு இருந்திருக்காது.

அப்புறம் வந்த இரண்டு நாள் நான் மனுஷியாக இல்லை. வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெண் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக நானும் துணி உலர்த்துகிற சாக்கில் வெளியே வந்தேன். முடியை விரித்துப் போட்டிருந்தாள், ஒன்றும் தெரியவில்லை. காற்று அடிக்காதா என்று பார்த்தேன். "இன்னாக்கா, அப்படிப் பாக்கறீங்க?" என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். தோழிகளிடம் பேசும் விளையாட்டுப் பேச்சு அது. ஜிமிக்கி நல்லா இருக்கு என்றேன். அன்று அவள் ஜிமிக்கி போட்டிருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் மகனை நிறுத்தி வைத்து, காதுக்குப் பின்னால், முழங்கையில், விரல் நுனியில் என்று தேடிப் பார்த்தேன். தொட்டால் ஒட்டாது என்று எனக்குத் தெரியும். டீச்சர் அக்கா எட்டு வருஷமாக அவனைத் தூக்கி வைத்திருக்கிறார், சோறு ஊட்டியிருக்கிறார். தெரிந்தும் பார்த்தேன். படப்பைக்காரர்கள் என்ன செய்வார்களோ என்று பயந்துகொண்டிருந்த நான், அதையே என் வீட்டு ஹாலில் செய்துகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, இதற்கு மேல் தாங்காது என்று எதிர்வீட்டுக்குப் போனேன். சார் பழம் வாங்க மார்க்கெட் போயிருந்தார், பெண் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் அக்கா மறுநாளைக்கான புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் போனில் புதிய படத்தை எடுத்து நீட்டினேன். சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாரும்மா இது? அழகா இருக்கா" என்றார்.

மன்னிச்சிடுங்கக்கா என்றேன். சார் சொன்னதை நான் சொல்லவில்லை, அவரே, "எங்க வூட்டுக்காரர் கேட்டாரா?" என்றார். தலையாட்டினேன். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். தன் முகத்தை இல்லை, பெண்ணின் காதை. அதற்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். "இதையும் எடுத்துட்டியா" என்றார், ரொம்ப மெதுவாக.

"அக்கா, உங்களுக்கு..."

"பொங்கல் லீவுல தலைக்கு எண்ணெ வெக்கறப்பப் பாத்தேன். முப்பது வருஷமா கண்ணாடில பாக்கறேன், எனக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரியாது. அவங்கப்பாவுக்கும் தெரியாது." உள் அறைக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினார். "அது அப்படியே நின்னுடலாம். பெருசாவும் ஆகலாம். யாரு கண்டா? அதான் என் மூஞ்சிய முன்னாடி வெச்சேன். என்னப் பாத்துட்டு, இருந்துட்டுப் போவுது, பரவால்லன்னு வர்ற வீடுதான், நாளைக்கு இவளுக்குப் பெருசானாலும் இவள வெளில அனுப்ப மாட்டாங்க. எனக்கு வேற எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு தெரியல."

எனக்கு அவர் கைகள் நினைவுக்கு வந்தன, முந்தானையைத் தள்ளிவிட்டு மடியில் விரித்து வைத்த கைகள். அந்த ஒரு சோதனைக்காக அவர் தன்னையே வைத்திருக்கிறார். நான் அதைத்தான் அழகாக, யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி துடைத்துக் கொடுத்திருக்கிறேன். அவளிடம் சொல்லிவிடலாமே அக்கா, டாக்டரிடம் போகலாமே என்று கேட்டேன். "ஸ்கூல்ல எத்தன பிள்ளைங்ககிட்டச் சொல்லியிருக்கேன். இவகிட்ட வர மாட்டேங்குது. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் எண்ணெ வெக்கறேன், இன்னிக்குச் சொல்லிடணும்னு. சொல்லாமலே சீவி விட்டுடறேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் கையை நீட்டிக் காட்டுகிற டீச்சர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, திருத்தாத படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா நம்பர் அவரிடம் இருந்தது. படத்தை அனுப்பி, கூடவே பேசியும் அனுப்பினார். "வணக்கம்மா. மொதல்ல வந்த போட்டோல என்னோட தோல் நெறத்த மாத்திட்டாங்க. இதான் நான். இதப் பாத்துட்டு, வர்றதுன்னா நாளைக்கு அவசியம் வாங்க." சற்று நேரத்தில் இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. மதியம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே நான் எங்கள் பால்கனியில் நிற்க ஆரம்பித்துவிட்டேன். எதிர்வீட்டிலிருந்து நெய் வாசனை வந்தது. பத்தரை ஆனது. தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் திரும்பியது, நேராகப் போய்விட்டது. பதினொன்றேகாலுக்கு ஒரு பைக் வந்தது. வரன் கொண்டுவந்த தரகர். பைக்கை விட்டு இறங்காமலே கேட்டில் நின்றபடி சாரிடம் பேசினார். "இன்னா சார் இது? மொதல்ல ஒரு போட்டோ வருது, அப்பாலிக்கா ஒரு போட்டோ வருது. அவங்களாண்ட நானு இன்னா சொல்றது? வெள்ளையா கீதேன்னுகூட அவங்க ஒண்ணும் சொல்லல சார். மறைச்சிட்டாங்களே, இன்னும் இன்னா மறைச்சிகினு கீறாங்களோன்றாங்க. பேஜாராப் பூட்ச்சு." சார் நிமிர்ந்து ஒரு தடவை என் பால்கனியைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

அதில்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. முதலிலேயே உண்மைப் படம் போயிருந்தால் அவர்கள் வந்திருப்பார்களா, தெரியாது. வந்திருக்க மாட்டார்கள் என்று என் கணவர் என்னைச் சமாதானப்படுத்துவார். இருக்கலாம். ஆனால் படப்பைக்காரர்கள் வேண்டாம் என்று சொன்னது டீச்சர் அக்காவின் முகத்துக்கு இல்லை, என் வேலைக்கு. இப்போது டீச்சர் அக்கா வீட்டார் பெருங்களத்தூரில் சொந்த வீடு கட்டிப் போய்விட்டார்கள். நான் சேலையூரில் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். திருத்துவதற்கு முன்னால் யாருடைய முகமோ அவரிடமே, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறேன். கணவர் மனைவிக்காகச் சொன்னாலும் சரி, அம்மா பிள்ளைக்காகச் சொன்னாலும் சரி, ஏற்றுக்கொள்வதில்லை. இதனால் சில பேர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு புள்ளியைத் துடைத்துவிட்டு, துடைத்தது எது என்று மறுபடி ஒரு தடவை போய்ப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் வீட்டு மணி அடித்தது. எதிர்வீட்டுப் பெண் நின்றிருந்தாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று கட்டிய பட்டுப் புடவையை இன்னும் மாற்றவில்லை. முடியை விரித்துப் போட்டிருந்தாள். ஒரு கையில் அப்பாவின் போன், இன்னொரு கையில் அம்மாவின் போன். திட்டப் போகிறாள் என்று நினைத்து வழிவிட்டு நின்றேன். உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்து, இரண்டு போனையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"காலைலேர்ந்து வீட்ல யாரும் யார்கூடயும் பேசலக்கா. எனக்கு ஒண்ணும் ஓடல. பேப்பர்ல ஆறு வித்தியாசம் போடுவாங்கல்ல, அந்த மாதிரி ரெண்டையும் வெச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். "அம்மாகிட்ட பதினோரு எடம். அப்பாகிட்ட ஒரு பரு. என் நெத்தில ஒரு பரு. அப்புறம் இங்க ஒண்ணு." விரலை வைத்தாள். "இது பரு இல்ல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணாடில பாத்தேன், அந்தப் பக்கம் கழுத்து திரும்ப மாட்டேங்குது. ஒரு போட்டோ எடுத்துக் காட்டுங்க. எதையும் சரி பண்ணாதீங்க" என்றாள்.

ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து முடியை விலக்கிப் பிடித்துக்கொண்டாள். முதல் இரண்டு படம் கலங்கிவிட்டன. மூன்றாவதைக் காட்டினேன். கேமராவைக் கையில் வாங்கி, பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். "இவ்ளோதானா" என்றாள். கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அந்த வாரத்தில் நான் வாய்விட்டு நேராகப் பதில் சொன்ன முதல் கேள்வி அது. தெரியும் என்றேன். பொங்கலிலிருந்து தெரியும், சொல்ல முடியாமல் இருக்கிறார் என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தன் வீட்டைப் பார்த்தாள். அப்புறம் எழுந்தாள். "அவங்களால சொல்ல முடியாதுக்கா. நானே போய் அவங்ககிட்டச் சொல்லிடறேன்."

படியில் இறங்கும்போது, மணிக்கட்டில் இருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி, முடி முழுவதையும் உச்சிக்குத் தூக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.